தோட்டத்து மாலைப்பொழுது யாருக்குச் சொந்தம்?

பெருந்தோட்டத் தொழிலாளரின் வாழ்வைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அவர்களது பகற்பொழுதைப் பற்றியே பேசுகின்றோம். எத்தனை கிலோ கொழுந்து, எவ்வளவு நாட்சம்பளம், மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பவையே நமது பேச்சுவார்த்தைகளினதும் அறிக்கைகளினதும் பொருளாக அமைகின்றன. மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்த பின்னர் அத்தொழிலாளி எங்கே செல்கின்றார், அவரது பிள்ளைகள் எங்கே கூடுகின்றனர், இரவு உணவுக்கு முன்னரான அந்த மூன்று நான்கு மணித்தியாலங்களை அத்தோட்டம் எவ்வாறு கழிக்கின்றது என்ற கேள்விகள் நமது விவாதங்களில் இடம்பெறுவது மிக அரிதாகும்.

ஆனால் தொழிலாளர் இயக்கம் உலகில் வலுப்பெற்றதே இந்தக் கேள்வியின் அடிப்படையில்தான் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1886 ஆம் ஆண்டு சிக்காகோ நகரத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தது சம்பள உயர்வை மட்டும் கேட்டு அன்று. நாளை மூன்றாகப் பகுத்து, எட்டு மணித்தியாலம் உழைப்புக்கும் எட்டு மணித்தியாலம் உறக்கத்துக்கும் எஞ்சிய எட்டு மணித்தியாலம் தமது விருப்பத்துக்கும் உரியதாக வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கையாக இருந்தது. அந்த நினைவாகவே ஆண்டுதோறும் மே தினத்தன்று நமது தொழிற்சங்கங்கள் ஊர்வலம் செல்கின்றன. எனினும் அந்த மூன்றாவது எட்டு மணித்தியாலத்துக்கு நமது தோட்டங்களில் என்ன நேர்ந்துள்ளது என்று எந்த மேடையிலும் கேட்கப்படுவதில்லை.

இக்கேள்வி மலையகம் முழுவதற்கும் பொதுவானதே. ஆயினும் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டங்களில் இது கூடுதலான அழுத்தம் பெறுகின்றது. அதற்கான காரணங்களை முதலில் நோக்குவோம்.

சிதறிய தோட்டங்கள்

நுவரெலியா மாவட்டத்தில் ஹற்றன், தலவாக்கலை போன்ற நகரங்கள் தோட்ட மக்களின் நகரங்களாகவே வளர்ந்துள்ளன. மாலையில் கடைத்தெருவுக்குச் செல்லும் தொழிலாளி அங்கு தனது மொழியில் பேசவும், கோவில் திருவிழாவில் கூடவும், விளையாட்டுப் போட்டியொன்றைப் பார்க்கவும் முடிகின்றது. சப்ரகமுவவின் நிலை வேறு. 2012 ஆம் ஆண்டின் சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இரத்தினபுரி மாவட்டத்தில் ஏறத்தாழ 10 இலட்சத்து 88 ஆயிரம் பேரும் கேகாலை மாவட்டத்தில் ஏறத்தாழ 8 இலட்சத்து 40 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். இரு மாவட்டங்களிலும் ஐந்தில் நான்கு பங்கினருக்கும் அதிகமானோர் சிங்கள மக்களாவர். தோட்டத் தமிழ் மக்கள் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை, எஹலியகொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, புளத்கொஹுபிட்டிய எனப் பல பிரதேசங்களில் சிறு சிறு தொகுதிகளாகச் சிதறி வாழ்கின்றனர்.

தேயிலையும் இறப்பரும் கலந்த இத்தோட்டங்களில் ஒரு பிரிவுக்கும் மற்றொரு பிரிவுக்கும் இடையே சில கிலோமீற்றர் தூரம் இருப்பது சாதாரணம். இடையில் இறப்பர்க் காடும், ஆறும், சிற்றுடைமையாளரின் காணிகளும் குறுக்கிடுகின்றன. பிரதான வீதியில் ஓடும் கடைசி பஸ் பொழுது சாயும் வேளையிலேயே சென்றுவிடும் இடங்கள் பல. அதன் பின்னர் தோட்டம் ஒரு தீவாகிவிடுகின்றது. உயர்தர வகுப்புக்காகத் தொலைவிலுள்ள தமிழ்ப் பாடசாலைக்குச் செல்லும் மாணவி, மேலதிக வகுப்பில் கலந்துகொள்ளவேண்டுமாயின் முதலில் கேட்கவேண்டிய கேள்வி பாடத்தைப் பற்றியதன்று. இருட்டுவதற்கு முன் லயத்தை அடைய முடியுமா என்பதே ஆகும்.

இறப்பர்த் தோட்டங்களில் இன்னொரு நிலைமையும் உண்டு. விடியற்காலையில் பால்வெட்டச் செல்லும் தொழிலாளி நண்பகலளவில் வேலையை முடித்துவிடுகின்றார். மழைக்காலங்களில் பல நாட்கள் பால்வெட்டு இடம்பெறுவதில்லை. ஆகவே இங்கு ஓய்வு நேரம் இல்லையென்று கூறுவதற்கில்லை. அந்த நேரத்தைக் கழிப்பதற்கான இடமும் வாய்ப்பும் இல்லை என்பதே பிரச்சினையாகும்.

விடிய விடிய நடந்த கூத்துகள்

தோட்டத்து இரவு எக்காலத்திலும் இவ்வாறு வெறுமையாக இருந்ததில்லை. மாசி மாதத்தில் காமன் ஊன்றப்பட்டதும் தோட்டமே வேறொரு முகத்தைப் பெற்றுவிடும். காமன் பொட்டலில் தப்பு முழங்க, ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி வருவர். தூதனும் வீரபத்திரனும் காளியும் தோன்றுவர். சிவனின் நெற்றிக் கண்ணால் மன்மதன் எரிக்கப்படும் இரவில் கைக்குழந்தை முதல் முதியோர் வரை விடிய விடிய விழித்திருப்பர். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இவ்வாறே ஆடப்பட்டன. பகலில் துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன்னால் தலைகுனிந்து நின்ற ஒருவர், இரவில் அருச்சுனனாகத் தபசு மரத்தில் ஏறி நின்றபோது முழுத் தோட்டமும் அவரை அண்ணாந்து பார்த்தது. அதைப் பொழுதுபோக்கு என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட முடியாது.

அந்த மாலைப்பொழுதுகளுக்கு அரசியல் முக்கியத்துவமும் இருந்தது. கோ. நடேசையர் தோட்டங்களுக்குள் தொழிற்சங்கச் சிந்தனையைக் கொண்டுசென்ற காலத்தில் அவரது துணைவியார் மீனாட்சி அம்மை பாடல்களைப் பாடியே மக்களைத் திரட்டினார். எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்துக்கு மாலை நேரப் பாடலே பத்திரிகையாகவும் மேடையாகவும் விளங்கியது. இந்த வாய்மொழிச் செல்வத்தின் பெறுமதியை உணர்ந்தே சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். வெளியார் தோட்டத்துக்குள் வருவதை அத்துமீறலாகக் கருதிய துரைமார், தொழிலாளர் ஓரிடத்தில் கூடுவதை விரும்பாததற்கும் காரணம் இதுவேயாகும். மக்கள் கூடும் இடத்திலேயே பேச்சும், பேச்சிலிருந்தே கோரிக்கையும் பிறக்கின்றன என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இருளுக்கு அஞ்சிய காலம்

இம்மரபு ஏன் தேய்ந்தது? தொலைக்காட்சியே காரணம் என்று கூறிவிட்டு ஒதுங்குவது எளிது. ரூபவாஹினி 1982 ஆம் ஆண்டிலேயே ஒளிபரப்பைத் தொடங்கியது. தோட்டத்து லயங்களுக்கு மின்சாரமும் தொலைக்காட்சிப் பெட்டியும் பரவலாக வந்துசேர மேலும் பல ஆண்டுகள் சென்றன. ஆனால் சப்ரகமுவத் தோட்டங்களில் கூத்து மரபு அதற்கு முன்னரே பலத்த அடிகளை வாங்கியிருந்தது.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3 இலட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வழிசெய்தது. அந்தக் கணக்கில் ஆட்கள் எண்ணப்பட்டனரே தவிர, உறவுகளும் கலைகளும் எண்ணப்படவில்லை. கூத்தின் வாத்தியாரும் தப்படிப்பவரும் ரதி வேடம் கட்டுபவரும் ஒரே தோட்டத்தில் இருந்தால்தான் காமன் கூத்து நடைபெறும். அவர்களில் ஒருவர் தமிழகம் சென்றுவிட்டாலும் அடுத்த மாசியில் காமன் பொட்டல் வெறுமையாகக் கிடந்தது.

அதனைத் தொடர்ந்து வந்தவை வன்செயல்கள். 1977 ஆம் ஆண்டு நாடெங்கும் பரவிய இன வன்முறையும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் மீது நடத்தப்பட்ட தாக்குதல்களும், 1983 ஜூலையின் கொடூரமும் இம்மாகாணத் தோட்ட மக்களுக்கு இரவைப் பற்றிய ஓர் அச்சத்தை ஏற்படுத்தின. லயங்கள் எரிக்கப்பட்டன, மக்கள் காடுகளுக்குள் ஒளிந்தனர், பலர் வவுனியா, கிளிநொச்சி போன்ற இடங்களுக்கும் இந்தியாவுக்கும் சென்றனர். எஞ்சியோர் விளக்கை அணைத்துவிட்டு, சத்தமின்றி இருப்பதே பாதுகாப்பு என்று கற்றுக்கொண்டனர். பறையொலி தொலைதூரம் கேட்கும். கேட்பவர் யார் என்பது தெரியாத காலத்தில் அதனை அடித்து விடியும்வரை ஆடுவதற்கு யாருக்குத் துணிவு வரும்? சிறுபான்மையாகச் சிதறி வாழும் ஒரு சமூகம் தனது இரவை இழந்த விதம் இதுவே. தொலைக்காட்சி வந்தபோது, ஏற்கெனவே மூடப்பட்டிருந்த கதவுகளுக்குள்ளேயே அது நுழைந்தது.

திறந்திருந்த ஒரே இடம்

ஏனைய இடங்கள் யாவும் மூடப்பட்ட பின்னரும் மூடப்படாத ஓரிடம் இருந்தது. அதுதான் தவறணை. சாராயத்தையும் கள்ளையும் குத்தகைக்கு விட்டு வருமானம் பெறும் முறை பிரித்தானியர் காலத்திலேயே வேரூன்றியது. 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச்சட்டமே பல திருத்தங்களுடன் இன்றும் மதுபான விற்பனையை ஆளுகின்றது. சம்பள நாளன்று மாலையில் தோட்டச் சந்தியில் எந்தக் கடை நிறைந்திருக்கும் என்பதை யாரும் கூறவேண்டியதில்லை. அனுமதிபெற்ற கடைக்குச் செல்லப் பணம் போதாதவருக்காகக் கசிப்பு உள்ளது. அண்மைக் காலத்தில் ஐஸ் போன்ற போதைப்பொருட்களின் ஆபத்தும் இளைஞரைச் சூழ்ந்துள்ளது. இரத்தினபுரியில் மாணிக்கக் குழிகளில் கூலிக்குச் செல்லும் இளைஞனின் கையில் சில நாட்களில் திடீரெனப் பணம் புரள்வதும், அன்றிரவே அது கரைந்து போவதும் அப்பகுதி மக்கள் அறியாததன்று.

தோட்டத் தொழிலாளர் குடிக்கின்றனர் என்று பழி கூறுவது நமது சமூகத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. சம்பள உயர்வு கேட்கப்படும் போதெல்லாம், கொடுத்தாலும் தவறணைக்கே போகும் என்று ஏளனம் செய்வோரும் உளர். அவர்களிடம் நாம் ஒரு கேள்வியைக் கேட்க விரும்புகின்றோம். மாலை ஆறு மணிக்குப் பின்னர் ஒரு சாதாரண தொழிலாளி நான்கு பேருடன் அமர்ந்து பேசுவதற்கு அத்தோட்டத்தில் வேறு எந்த இடம் விளக்கேற்றித் திறந்து வைக்கப்பட்டுள்ளது? பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக் காம்பிராவுக்குள் ஆறேழு பேர் வாழும்போது, ஓர் ஆண் வெளியே செல்வதும் ஒரு சிறுவன் படிக்க இடமின்றித் திண்ணையில் அமர்ந்திருப்பதும் எதிர்பார்க்கக் கூடியவையே. குடியின் தீமையை நாம் எவ்விதத்திலும் குறைத்து மதிப்பிடவில்லை. அது எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை அணைத்துள்ளது. ஆனால் வேறு எந்தக் கதவையும் திறக்காமல், திறந்திருக்கும் ஒரே கதவைக் காட்டி அதனுள் செல்லாதே என்று உபதேசிப்பதால் பயன் விளையாது.

தேசிய மட்டத்திலும் மாலைப்பொழுது பற்றிய விவாதம் மதுபானக் கடையின் வாசலிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசார தேசிய அதிகாரசபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மதுபானம் விற்பதைத் தடைசெய்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, பெண்கள் மதுபானம் வாங்குவதற்கு இருந்த தடையை நீக்கியதுடன் கடைகள் திறந்திருக்கும் நேரத்தையும் நீடித்தார். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதனை இரத்துச்செய்யப் பணித்தார். நாடே அதைப் பற்றி வாதிட்டது. ஆனால் அந்த நேரங்களில் நூலகம் திறந்திருக்க வேண்டுமா, விளையாட்டு மைதானத்துக்கு விளக்கு வேண்டாமா என்று அந்நாட்களில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதில் பெண்களின் நிலை தனியே நோக்கப்பட வேண்டியதாகும். கொழுந்து மலையிலிருந்து திரும்பும் பெண்ணுக்கு மாலை என்பது இரண்டாவது வேலைநேரத்தின் தொடக்கமேயாகும். தண்ணீர் கொண்டுவருதல், விறகு தேடுதல், பிள்ளை மடுவத்திலிருந்து குழந்தையை அழைத்து வருதல், சமைத்தல் என்று அவரது மாலை கழிகின்றது. வீட்டுக்கு அருகில் குழாய்நீர் கிடைப்பது அவருக்குச் சுகாதார வசதி மட்டுமன்று. நாளொன்றுக்கு ஒரு மணித்தியால ஓய்வும் ஆகும். ஆகவே மாலை நேர வசதிகளைப் பற்றிப் பேசுவோர் ஆண்களுக்குக் கரப்பந்தாட்டத் திடல் அமைப்பதுடன் நின்றுவிடுவார்களாயின், சமூகத்தின் பாதிப்பேரை மறந்தவர்களாவர்.

பிரான்ஸ் நகரமொன்றின் அனுபவம்

மாலைப்பொழுதைக் கவனிப்பது அரசின் வேலையா என்று சிலர் கேட்கக்கூடும். வளம்படைத்த நாடுகளில் இது நகர சபைகளின் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாகவே கருதப்படுகின்றது. மேற்குப் பிரான்ஸில் உள்ள ரென் நகரத்தை உதாரணமாகக் கொள்ளலாம். இரண்டு இலட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள் வாழும் அந்நகரம் பல்லாயிரக்கணக்கான மாணவர்களைக் கொண்ட ஒரு பல்கலைக்கழக நகராகும். அங்குள்ள புனித மைக்கேல் தெருவில் மதுபானசாலைகள் நெருக்கமாக அமைந்திருப்பதால், மக்கள் அதற்குத் தாகத் தெரு என்றே பெயரிட்டுள்ளனர். 2000 களின் நடுப்பகுதியில் வியாழக்கிழமை இரவுகளில் அங்கு கூடிய இளைஞர்களுக்கும் பொலிஸாருக்கும் இடையே மோதல்கள் மூண்டன.

பொலிஸ் நடவடிக்கை ஒருபுறம் இருக்க, நகர சபை மற்றொரு வழியையும் கையாண்டது. வியாழக்கிழமை இரவுகளில் விளையாட்டரங்குகளையும் கலாசார நிலையங்களையும் இளைஞருக்கு இலவசமாகத் திறந்துவிட்டு, மதுவில்லாத இசை நிகழ்ச்சிகளையும் விளையாட்டுகளையும் ஒழுங்குசெய்தது. இதனால் அந்நகரில் குடி ஒழிந்துவிட்டது என்று நாம் கூறவரவில்லை. தாகத் தெரு இன்றும் தாகத் தெருவாகவே இருக்கின்றது. ஆனால் வேறெங்கும் செல்ல விரும்பிய இளைஞனுக்குச் செல்வதற்கு ஓரிடம் கிடைத்தது. தடை விதிப்பது மட்டும் போதாது, தெரிவையும் வழங்கவேண்டும் என்பதை அந்நகர சபை ஏற்றுக்கொண்டது. நாம் கற்கவேண்டியது அந்த ஒன்றைத்தான்.

இரவை ஒளியூட்டுவது எப்படி என்பதை நமது நாடும் அறியாததன்று. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலைக்கு யாத்திரிகர் இரவிரவாக ஏறுகின்றனர். மலைப்பாதைக்கு விளக்கும், குடிநீரும், முதலுதவியும், பாதுகாப்பும் வழங்கப்படுகின்றன. ஏழாயிரம் அடிக்கும் உயர்ந்த ஒரு மலையுச்சிக்கு மாதக்கணக்காக ஒளியூட்ட முடியுமாயின், அம்மலையின் அடிவாரத்திலுள்ள தோட்டங்களில் லயத்திலிருந்து பிரதான வீதிவரையான பாதைக்குச் சில விளக்குகளைப் பொருத்த முடியாமற் போவதேன்?

சட்டம் திறந்துவிட்ட வழி

அண்மைக்காலம் வரை அதற்குச் சட்டமே தடையாக இருந்தது என்பது பலரும் அறியாத உண்மை. வீதி விளக்கு, நூலகம், விளையாட்டு மைதானம், சனசமூக நிலையம் ஆகியவற்றைக் கிராம மக்களுக்கு வழங்குவது பிரதேச சபையின் பணி. ஆனால் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்கு அத்தகைய சேவைகளை வழங்குவதற்குத் தடையாக அமைந்திருந்தது. தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தனர், உறுப்பினரையும் தெரிவுசெய்தனர். ஆனால் அவ்வுறுப்பினரால் தனக்கு வாக்களித்தோரின் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடச் சபை நிதியைப் பயன்படுத்த முடியவில்லை. தோட்டம் என்பது கம்பனியின் எல்லை என்றும், அங்கு அரசுக்கு வேலையில்லை என்றும் கருதப்பட்டது. 1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னர் இந்த இடைவெளி மேலும் விரிந்தது.

நீண்டகாலக் கோரிக்கையின் பயனாக 2018 ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. பிரதேச சபைகள் தோட்டங்களுக்கும் சேவையாற்றும் வழி திறக்கப்பட்டது. மலையக வரலாற்றில் இது ஒரு முக்கியமான மாற்றமாகும். எனினும் அதன் பயன் தோட்டத்தைச் சென்றடைவதற்கு முன்னரே கொவிட் தொற்றும், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியும் குறுக்கிட்டன. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிவடைந்து, அவை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் பிரதிநிதிகளின்றி இயங்கின. சப்ரகமுவ மாகாண சபையின் பதவிக்காலமும் 2017 இல் முடிவடைந்து, அதன் பின் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடத்தப்படவில்லை.

2025 மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றுப் புதிய சபைகள் அமைந்தன. அதற்கு முன்னர், 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் தெரிவாகி, பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்புப் பிரதி அமைச்சராக நியமிக்கப்பட்டார். ஆகவே சட்டமில்லை என்றோ சபையில்லை என்றோ குரலில்லை என்றோ இனிமேல் எவரும் சாக்குக் கூற முடியாது.

செய்யக்கூடியவை

நாம் கேட்பவை பெருந்தொகைப் பணத்தை வேண்டி நிற்பவை அல்ல. முதலாவதாக, ஒவ்வொரு பிரதேச சபையும் தனது எல்லைக்குட்பட்ட தோட்டப் பிரிவுகளில் லயத்தையும் பிரதான வீதியையும் இணைக்கும் பாதைகளுக்கு விளக்கு வசதியை ஏற்படுத்த வேண்டும். ஒரு மாணவி மாலை வகுப்புக்குச் செல்வதா இல்லையா என்பதை இந்த விளக்குகளே தீர்மானிக்கின்றன.

இரண்டாவதாக, தோட்டங்களில் ஏற்கெனவே உள்ள கட்டடங்களைப் பயன்படுத்த வேண்டும். பகலில் இயங்கும் பிள்ளை மடுவம் மாலையில் பூட்டப்பட்டுக் கிடக்கின்றது. கைவிடப்பட்ட கொழுந்து மடுவங்களும், தலைவர்கள் பெயரில் திறந்து வைக்கப்பட்டு, திறப்பு விழாவுக்குப் பின்னர் திறக்கப்படாத சனசமூக நிலையங்களும் பல. அவற்றின் திறப்பு யாரிடம் இருக்கின்றது என்பதே பெரும்பாலும் பிரச்சினை. தோட்ட முகாமைத்துவம், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், பிரதேச சபை ஆகிய மூன்று தரப்பும் இணங்கினால், மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை அவற்றை வாசகசாலையாகவும் படிப்பிடமாகவும் திறக்கலாம். பெண்களுக்கென வாரத்தில் சில மாலைகளை ஒதுக்கி, அந்நேரத்தில் குழந்தைகளைப் பராமரிக்க ஒழுங்கு செய்தால், அவர்களும் அங்கு வருவர். மண்சரிவு அபாயம் மிக்க இம்மாகாணத்தில், பாதுகாப்பான இடத்திலுள்ள ஒரு பொது மண்டபம் ஆபத்து வேளையில் உயிர் காக்கும் தங்குமிடமாகவும் அமையும். 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் ஏற்பட்ட மண்சரிவுகளை இங்கு நினைவூட்டுகின்றோம்.

மூன்றாவதாக, எஞ்சியிருக்கும் கூத்துக் கலைஞர்களின் அறிவு அடுத்த தலைமுறைக்குச் சென்றடைய வேண்டும். இரத்தினபுரி மாவட்டத்தின் பெலிஹுல்ஓயாவில் 1990 களின் நடுப்பகுதியிலிருந்து சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வரும் தமிழ் மாணவர்கள் அங்கு பயில்கின்றனர். பலாங்கொடைப் பகுதித் தோட்டங்கள் அவர்களுக்கு எட்டாத தூரத்தில் இல்லை. அம்மாணவர்கள் மாதத்தில் சில மாலைகளைத் தோட்டச் சிறுவரின் கல்விக்கும், முதியோரிடமிருந்து கூத்தைக் கற்றுப் பதிவுசெய்வதற்கும் ஒதுக்கலாம். இதனால் மாணவரின் சொந்த மாலைப்பொழுதும் பொருளுள்ளதாக மாறும்.

இவ்விடத்தில் எழக்கூடிய ஓர் ஆட்சேபத்துக்கும் பதிலளிக்க வேண்டியுள்ளது. சம்பளமே போதாத நிலையில் பொழுதுபோக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்ட நாட்சம்பளத்தை 1,750 ரூபாவாக்கும் யோசனை 2025 நவம்பர் வரவு செலவுத்திட்டத்தில் முன்வைக்கப்பட்டது. அந்தப் போராட்டம் நியாயமானது. அது தொடர வேண்டும் என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால் சம்பளம் உயர்ந்தும் மாலையில் செல்வதற்குத் தவறணையைத் தவிர வேறிடம் இல்லையாயின், உயர்வின் ஒரு பகுதி அங்கேயே சென்றுசேரும். மேலும், இன்றைய தோட்ட இளைஞர் கொழும்பு நகரக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்வது கூடுதல் சம்பளத்துக்காக மட்டும் அன்று. அங்கு மாலையில் ஒரு வாழ்க்கை இருக்கின்றது. தோட்டத்தில் அது இல்லை. ஆள் பற்றாக்குறை பற்றிக் கவலைப்படும் கம்பனிகள் இதனைச் சிந்தித்துப் பார்ப்பது அவற்றுக்கே நன்மை பயக்கும்.

சிங்களக் கிராமங்களால் சூழப்பட்ட தோட்டங்களில் பொது மண்டபமும் மைதானமும் இரு சமூகத்தவருக்கும் பொதுவாக அமையும்போது இன்னொரு நன்மையும் விளையும். அயலவரின் குரலைக் கேட்டு அச்சத்துடன் கதவை மூடிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள், அதே அயலவருடன் கரப்பந்து விளையாடுவதையும், அவர்கள் தமது கூத்தைக் காணவருவதையும் விடச் சிறந்த நல்லிணக்கப் பணி வேறில்லை. இதற்கு மாநாடுகள் தேவையில்லை. விளக்குள்ள ஒரு திடல் போதுமானது.

2023 ஆம் ஆண்டில் மலையகத் தமிழர் இந்நாட்டில் தமது 200 ஆண்டு கால வரலாற்றை நினைவுகூர்ந்தனர். அந்த இரு நூற்றாண்டுகளிலும் அவர்களது பகல் நாட்டின் அந்நியச் செலாவணியாக மாறியது. அவர்களது மாலையாவது அவர்களுக்குச் சொந்தமாக வேண்டும். சப்ரகமுவவின் பிரதேச சபைகள் தமது அடுத்த வரவு செலவுத்திட்டத்தைத் தயாரிக்கும்போது தோட்டப் பாதையின் விளக்குக்கும் தோட்ட மண்டபத்தின் திறப்புக்கும் தனியொரு நிதி ஒதுக்கீட்டைச் செய்ய முன்வருமா? தோட்ட மக்களின் வாக்குகளைப் பெற்றுச் சபைக்குச் சென்ற ஒவ்வொரு உறுப்பினரும், எந்தக் கட்சியைச் சார்ந்தவராயினும், முதலில் எழுப்பவேண்டிய கேள்வி இதுவே என்பது நமது திடமான கருத்தாகும்.